55 விநாடித் தமிழ்

பள்ளி ஆண்டு விழா நெருங்கினால் நம் வீடுகளில் இது நடக்கும். தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும் குழுவில் மகளைச் சேர்த்திருப்பார்கள். அவளுக்குத் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்க வராது என்பதால் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிறோம். ழகரம் வழுக்கினால் அதட்டுகிறோம். "அத்தனை பேர் முன்னாடி மானத்தை வாங்கிடாதே" என்கிறோம். பாட்டு என்ன சொல்கிறது என்று அவள் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

பொருள் தெரியாமல், பயத்தோடு உருப்போட்டதா பிள்ளைக்குத் தன் மொழிமேல் பற்றைக் கொடுக்கப் போகிறது?

இத்தனைக்கும், சொல்லிக் கொடுக்கக் கடினமான பாட்டு இல்லை அது. நிலம் ஒரு பெண், கடல் அவள் உடை, பாரதம் முகம், தக்காணம் நெற்றி, திராவிட நாடு அதிலிட்ட திலகம், அந்தத் திலகத்தின் வாசனைபோல் எத்திசையும் மணப்பது தமிழ். ஒரு தாளும் நாலு கலர் பென்சிலும் இருந்தால் ஏழு வயதுப் பிள்ளைக்கு விளங்கிவிடும். எழுதியவரைப் பற்றியும் சொல்லலாம். 1891-ல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்தில் இருப்பது இந்த வாழ்த்து. ஆசிரியர் சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். நாடகத்தின் கதையையே ஓர் ஆங்கிலப் படைப்பிலிருந்து எடுத்துக்கொண்டவர். ஆங்கிலப் படிப்பு அவருடைய தமிழைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. நாம்தான் ஒன்று வர மற்றொன்று போக வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டோம்.

சாயங்காலம் வீடு திரும்பும் அதே பிள்ளை பாட்டியிடம் தமிழில் கதை அளந்தால், "இங்கிலீஷ்ல சொல்லு, அப்பதான் பழகும்" என்று குறுக்கே விழுகிறோம். நல்லதுக்குத்தான் சொல்கிறோம், சந்தேகமில்லை. மார்க் வரும் என்று இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சை எடுக்க வைப்பதும் நல்லதுக்குத்தான்.

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்தது. 55 விநாடிகளில் பாட வேண்டும். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். இயலாத மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் விலக்கு. பிள்ளைகள் நிற்கிறார்கள். 56-ஆவது விநாடியிலிருந்து அதே தமிழை ஒளித்துவை என்கிறோமே, இந்த இரண்டு கட்டளைகளில் எதை அவர்கள் நம்புவது?

பெற்றோர் கூட்டத்தில் கணக்கு ஆசிரியர் முன்னால் வரிசையில் நிற்கிறோம். தமிழாசிரியையின் மேசை எதிரே நாற்காலி காலியாகக் கிடக்கிறது. பிள்ளையும் பக்கத்தில் நின்று அதைப் பார்க்கிறது. அடுத்த கூட்டத்தில் முதலில் அங்கே போய் உட்காருவோம். மார்க் பற்றி அப்புறம் பேசலாம். எந்தப் பாடத்தை விரும்பிப் படிக்கிறாள், எந்த இடத்தில் திணறுகிறாள் என்று கேட்போம்.