வீட்டுப்பாடம் அம்மாவின் போனுக்கு வர வேண்டாம்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆறாம் வகுப்புப் பெற்றோர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "வாட்ஸ்அப் குரூப் இருக்கா மிஸ்?" என்பதுதான். இருக்கிறது. ஆனால் அதில் வீட்டுப்பாடம் போட மாட்டேன் என்றால் முகம் மாறிவிடுகிறது. "அவன் எதையும் எழுதிட்டு வர மாட்டான், நீங்க போட்டாத்தான் எனக்குத் தெரியும்" என்பார்கள். தெரிய வேண்டியது யாருக்கு என்பதில்தான் எங்களுக்குள் தகராறு.

அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். ஆறாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும் நான்தான். எங்களிடம் வருகிறவர்கள் சுற்றுவட்டாரத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள். அங்கே பெரும்பாலும் காலை முதல் மாலை வரை ஒரே டீச்சர். எந்த நோட்டை எப்போது எடுப்பது என்று சொல்வதும் அவர்தான், மறந்து வந்தால் பொறுத்துக்கொள்வதும் அவர்தான். இங்கே பெல் அடித்தால் ஆள் மாறுகிறார். தமிழ் ஐயாவுக்குக் கட்டுரை நோட்டு, இங்கிலீஷ் மிஸ்ஸுக்கு நாலுகோடு நோட்டு, எனக்குக் கோடு போடாத நோட்டும் ஜாமெட்ரி பாக்ஸும், அறிவியலுக்குப் படம் வரையத் தனி நோட்டு, சமூக அறிவியலுக்கு மேப். தான் கொடுத்த வேலை மட்டும்தான் அந்தப் பிள்ளைக்கு இருக்கிறது என்று எங்களில் ஒவ்வொருவருக்கும் நினைப்பு.

பெற்றோர் யோசிக்காமல் இல்லை. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் இரண்டுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த கணக்கு பார்ப்பார்கள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. கல்லூரி வரைக்கும் திட்டம் தயார். வருகிற செவ்வாய்க்கிழமை பையில் என்ன இருக்க வேண்டும் என்பதற்குத்தான் திட்டம் கிடையாது.

போன வருடம் ஒரு பையனைப் பையை மேசைமேல் கொட்டச் சொன்னேன். அடியில் நசுங்கிப்போன வளரறி மதிப்பீட்டுத் தாள், முடிந்துபோன பெற்றோர் கூட்டத்தின் சுற்றறிக்கை, மூடியில்லாத பேனாக்கள், பாதி கடித்த புளியங்காய், தங்கச்சியின் கிரேயான். அவற்றுக்கு மேலே எல்லாப் பாடப் புத்தகமும், எல்லா நோட்டும். டைம்டேபிள் பார்க்கப் பழகாததால், எதையாவது விட்டுவிடுவோமோ என்று மொத்தத்தையும் தினம் சுமந்து வருகிறான். சுமையைக் குறைக்கத்தான் 2012-13இல் பாடநூல்களை மூன்று பருவமாகப் பிரித்தார்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கக் கூடாது என்று மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுக் கொள்கையும் சொல்கிறது. இவன் பையில் இரண்டும் செல்லவில்லை. "பொறுப்பே இல்லாத பய" என்று சொல்லியிருந்தார் அவன் அப்பா. அந்தப் பையை ஒரு தடவை தூக்கிப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

மறதிக்குத் திட்டுவதற்கு முன்னால் நான் கேட்கும் இன்னொரு கேள்வி, "காலையில என்ன சாப்பிட்ட?" முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்றுதான் வகுத்தார்கள். தொடக்கப் பள்ளியில் கிச்சடியும் பொங்கலும் சாப்பிட்டுப் பழகிய வயிறு, ஆறாம் வகுப்புக்கு வந்ததும் வெறும் டீயோடு உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது பீரியடில் நான் சொல்வது அதன் காதில் ஏறாது.

அந்தப் பையனுக்குச் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் டைம்டேபிள் எழுதினோம். பாடத்துக்கு ஒரு நிறம். அதே நிறத்தில் நோட்டின் முதுகில் ஒரு பட்டை. ராத்திரி சாப்பிட்ட பிறகு அவனே அட்டையைப் பார்த்து எடுத்து வைக்க வேண்டும். அம்மா பக்கத்தில் இருக்கலாம், கை வைக்கக் கூடாது. அதுதான் அவருக்குச் சிரமமாக இருந்தது. பூக்கட்டிக்கொண்டு உட்காருங்கள் என்றேன். தீபாவளிக்குள் அடுப்படியில் இருந்தபடியே "எடுத்து வச்சியாடா?" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும் என்றாயிற்று. அதற்காக அவன் எதையுமே மறக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். காம்பஸ் கடைசி வரை வரவே இல்லை.

வீட்டுப்பாடம் குரூப்பில் வந்துவிட்டால் இந்தப் பழக்கத்துக்கு வேலையே இல்லை. போர்டில் எழுதும்போது பேனாவைக்கூட எடுக்காமல், "அம்மா போனுக்கு வந்துரும்ல மிஸ்" என்பார்கள். வயலுக்கோ கம்பெனிக்கோ போய்விட்டு இருட்டிய பிறகு வீடு திரும்பும் அம்மா, காலை வணக்கப் படங்களை எல்லாம் தள்ளித் தள்ளி வீட்டுப்பாடத்தைத் தேடுகிறார். அப்புறம் ஒன்பது மணிக்குச் சார்ட் பேப்பர் கிடைக்கும் கடையைத் தேடுகிறார். இருக்கிற ஒரே போனும் அப்பாவோடு வெளியூரில் இருக்கும் வீட்டுக்கு அதுவும் இல்லை. மழை விடுமுறை, பெற்றோர் கூட்டம் மாதிரி விஷயங்களுக்குக் குரூப் இருக்கட்டும்.

பெற்றோரை மட்டும் சொல்லிவிட்டு ஆசிரியர்கள் தப்பிக்க முடியாது. எங்கள் வகுப்பில் போர்டின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். யார் வேலை கொடுத்தாலும் அதில் எழுத வேண்டும். கடைசிப் பீரியடில் ஐந்து நிமிடம் விட்டு, பிள்ளைகள் அதைப் பார்த்து டயரியில் எழுதுகிறார்கள். ஏற்கெனவே இரண்டு வேலை இருந்தால் மூன்றாமவர் மறுநாளைக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும். இதற்குச் சம்மதம் வாங்க ஸ்டாஃப் ரூமில் எனக்குக் கொஞ்சம் டீ செலவு ஆயிற்று. சமூக அறிவியல் சார் இன்னும் முனகுகிறார். ஆனால் கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் மேப் வேலை கொடுக்கிறார்.