கால் போன பிறகு படம் எதற்கு?

புளியந்தோப்பிலிருந்து துறைமுகத்துக்குச் சுமை தூக்கப் போகும் ஒரு தோழரின் காலில் ஆணி ஏறிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை வியாதி வேறு. புண் ஆறவில்லை, பாதம் வீங்கிவிட்டது. கிருமி சதையோடு நின்றதா, எலும்புக்குள் புகுந்துவிட்டதா? சதையோடு நின்றால் சில நாள் மருந்து போதும். எலும்பில் புகுந்திருந்தால் வாரக்கணக்கில் மருந்து. தாமதித்தால் காலையே வெட்ட நேரும். எலும்பு அரிபடுவது எக்ஸ்ரேயில் தெரியப் பத்துப் பதினைந்து நாளாகும். சுமை தூக்கிப் பிழைப்பவனுக்குக் கால் போனால் வீட்டில் உலை ஏது?

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க விஞ்ஞானம் வழி கண்டிருக்கிறது. நோயாளியின் இரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, வெள்ளை அணுக்களைப் பிரித்து, டெக்னீசியம் என்ற கதிர்வீசும் பொருளை அவற்றில் ஏற்றி, மீண்டும் உடம்பில் செலுத்துகிறார்கள். கிருமியோடு போராட அந்த அணுக்கள் எங்கே திரள்கின்றனவோ, அந்த இடத்தைச் சில மணி நேரத்தில் காமா காமிரா காட்டிவிடும். டெக்னீசியத்தின் கதிர்வீச்சு ஆறு மணிக்கு ஒருமுறை பாதியாகக் குறையும், பீதி வேண்டாம்.

எல்லாக் காய்ச்சலுக்கும் இந்தப் படம் தேவையில்லை. இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. ஆகியவற்றுக்குப் பிறகும் சந்தேகம் தீராதபோதுதான் இது தேவை. எலும்பு முறிந்து உள்ளே தகடு வைத்தவருக்கு எம்.ஆர்.ஐ. படம் கலங்கிப் போவதுண்டு; அங்கே இது கைகொடுக்கும். தேவையில்லாதவனுக்குப் படம் எடுத்துப் பணம் பறிப்பதும் அநியாயம், தேவையானவனுக்குப் பணமில்லையென்று மறுப்பதும் அநியாயம்.

1945ல் ஹிரோஷிமாவைச் சாம்பலாக்கிய அணுதான் இன்று ஒரு பாட்டாளியின் காலைக் காக்கிறது. இந்தியாவில் அணு உலைகளைக் கட்டியது யார் பணம்? 1956ல் டிராம்பேயில் அப்ஸரா உலை இயங்கத் தொடங்கியது. 1985ல் துருவா வந்தது. இரண்டும் சர்க்கார் பணத்தில் வந்தவை. சர்க்கார் பணமென்பது தீப்பெட்டிக்கும் வரி கொடுக்கும் விவசாயத் தொழிலாளியின் பணமே.

ஏழைக்கு இவ்வளவு உயர்ந்த வைத்தியம் எதற்கு என்பார்கள் சிலர். அவர்களுக்குச் சேத்துப்பட்டு பதில் சொல்லும். காசநோயாளி வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்திருப்பவரைப் போலவே குணமடைவார் என்று, 1956ல் அங்கே தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் 1959ல் உலகுக்குக் காட்டியது. அந்தச் சோதனைக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் இதே சென்னையின் ஏழைகள். விஞ்ஞானத்துக்கு நாம் வேண்டுமாம், அதன் பலன் மட்டும் நமக்கு வேண்டாமா?

நம் கோரிக்கை தெளிவானது. வடசென்னைத் தொழிலாளி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கிராமத்துக் கூலி ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போனாலும், வைத்தியர் தேவையென்று எழுதிய படம் காசில்லாமல், காலம் கடக்காமல் எடுக்கப்பட வேண்டும். அங்கே காமிரா இல்லையென்றால், உள்ள இடத்துக்கு நோயாளியைச் சர்க்கார் வண்டியே கொண்டுபோக வேண்டும். காண்டிராக்ட் கூலிகளுக்கும் இ.எஸ்.ஐ. உரிமை வேண்டும். சங்கக் கூட்டங்களில் கூலி உயர்வோடு இதையும் தீர்மானமாக எழுதுங்கள், தோழர்களே!