எலும்பில்லா உயிருக்கும் கல்சியம் வேண்டும்

கீரிமலைக் கேணியின் படியில் கால் வைத்தால் பாசி வழுக்கும். மதிலுக்கு அப்பால் கடல் இரையும். கேணிக்குள்ளோ சுண்ணக்கல்லைக் கரைத்துக்கொண்டு ஊறிவரும் நீர். நம்மூர்க் கேத்தில்களின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அந்தக் கல்லின் கல்சியம்தான். “கல்சியம் எலும்புக்கு உரியது, எலும்பில்லாத நுண்ணங்கிக்கு அது எதற்கு?” என்று படித்தவர்களே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் நான்கு தவறான எண்ணங்கள் இருக்கின்றன.

ஒன்று, கல்சியம் வெறும் கட்டடப் பொருள் என்பது. அப்படியானால் கலம் அதைச் சேமித்தல்லவா வைக்க வேண்டும்? கலத்தின் திரவத்தில் கட்டின்றி உலவும் கல்சியம், வெளிநீரில் உள்ளதில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். கூடினால் பொசுபேற்றோடு சேர்ந்து வீழ்படிவாகும். ஆகவே பற்றீரியாவும் மதுவமும் சக்தியைச் செலவழித்து அதை ஓயாமல் அகற்றுகின்றன. உள்ளே அவ்வளவு அரிதாக இருப்பதால்தான் சிறிது நுழைந்தாலும் அது செய்தியாகிறது.

இரண்டு, அந்தச் செய்தி விலங்குகளுக்கு மட்டுமே என்பது. 1883இல் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தில் கல்சியத்தின் வேலையைக் காட்டியது உண்மை. ஆனால் ஒற்றைக் கலமான பரமீசியம் தடையில் முட்டினால், உள்ளே பாயும் கல்சியமே பிசிர்களை எதிர்த்திசையில் அடிக்கவைத்து அதைப் பின்வாங்கச் செய்கிறது. உவர்நீரில் மதுவம் தாக்குப்பிடிக்கக் கல்சினியூரின் என்ற நொதியம் வேண்டும். அதை முடுக்கிவிடுவதும் கல்சியமே.

மூன்று, அனுசேபத்தில் அதற்குப் பங்கில்லை என்பது. பல நொதியங்களுக்கு மக்னீசியமே துணை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் படியில் வழுக்கும் அந்தப் பாசி, வெயிலில் நீரைப் பிளந்து ஒட்சிசனை விடும் மையத்தில் நான்கு மங்கனீசு அணுக்களோடு ஒரு கல்சியம் அணுவும் இருக்கிறது. 2011இல் யப்பானிய ஆய்வாளர்கள் அதன் அமைப்பை அணு அணுவாகத் துலக்கிக் காட்டினார்கள். அந்தக் கல்சியத்தை அகற்றினால் ஒட்சிசன் வெளிவருவது நின்றுவிடும்.

நான்கு, சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் கிருமி வாழாது என்பது. இதுதான் ஆபத்தானது. நீற்றிய சுண்ணாம்பு கிருமியைக் கொல்வது அதன் கடுங்காரத்தால். ஊற்றில் கரைந்துள்ள கல்சியத்துக்கு அந்த வலு இல்லை. மாறாக, பற்றீரியாக்கள் கூடி ஒட்டிக்கொள்ளும் பசையை அது இறுக்கிக் கொடுக்கிறது. சுண்ணக்கல் வெடிப்புகளின் வழியே மலக்குழிக் கசிவும் கிணற்றுக்கு விரைவாக வந்து சேரும்.

கேத்திலின் வெள்ளைப் படிவு தண்ணீரின் தூய்மைக்குச் சாட்சி அல்ல. கொதிக்க வைத்தே குடியுங்கள்.