'நைஸ்' என்றால் என்ன?

போன மாதம் என் சித்தி பெண்ணைப் 'பெண் பார்க்க' வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காப்பி எல்லாம் ஆயிற்று. புறப்படும்போது பிள்ளையின் தாயார், "பொண்ணு ரொம்ப நைஸ்!" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அந்த ஒரு வார்த்தையை நம்பி, சித்தி வேறு இரண்டு ஜாதகங்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள். மூன்று வாரமாகிறது; பதிலே காணோம்!

"நைஸ் என்றால் சம்மதம் என்றுதானேடா அர்த்தம்?" என்று சித்தி என்னைக் கேட்டாள். அகராதியைப் புரட்டினேன்.

அந்தச் சொல்லின் பூர்வோத்தரம் வேடிக்கையானது. லத்தீன் மொழியில் 'நெஸ்கியுஸ்' என்றால் ஒன்றும் அறியாதவன். அது பிரெஞ்சு வழியாக, 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோது 'நைஸ்' என்றால் அசடு! பிறகு, எளிதில் திருப்தி அடையாத ஆசாமியைக் குறித்தது. 16-ஆம் நூற்றாண்டில் நுணுக்கம் என்ற பொருள் வந்தது. 'நல்லது, இனியது' என்று ஆனதெல்லாம் 18-ஆம் நூற்றாண்டில்தான். 'ஸில்லி'யின் கதை இதற்கு நேர் எதிர். ஆதியில் பாக்கியசாலியைக் குறித்த சொல், இன்று அசட்டைக் குறிக்கிறது. நம் 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணமாக இருக்கவில்லையா, அதைப் போல!

நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினுக்கும் இந்தச் சொல்லின் மேல் ஒரு கண். அவர் காலமான 1817-ஆம் ஆண்டின் கடைசியில் வெளியான 'நார்த்தேங்கர் அபி'யில், ஒரு பெண் தான் படித்த புத்தகத்தை 'நைஸ்' என்று மெச்சுகிறாள். கதாநாயகன் விடுவானா? பைண்டிங்கைத்தான் சொல்கிறாளோ என்று கிண்டல் செய்கிறான். எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல், எதையுமே சொல்வதில்லை என்பது அவன் கட்சி.

நம் வீடுகளிலும் இந்தச் சொல் குடியேறிவிட்டது. மாவை நைஸாக அரைக்கிறோம். அதில் அந்தப் பழைய நுணுக்கம் தெரிகிறது. நைஸாகப் பேசிக் காரியம் சாதிக்கிறோம். நைஸாக நழுவியும் விடுகிறோம்!

இதையெல்லாம் சித்தியிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். கிரைண்டரில் மாவு தள்ளிக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்தாள்.

"மாவு நைஸா இருக்கட்டும், அண்ணா. மனுஷர் பேச்சு கொரகொரப்பாக இருந்தாலும் பரவாயில்லை, 'வேண்டாம்' என்று தெளிவாகச் சொல்லியிருக்கலாமே!" என்றாள்.

சித்தி பேசாமல் எழுந்து போய், திருப்பி அனுப்பிய ஜாதகக்காரர்களின் விலாசத்தைத் தேட ஆரம்பித்தாள்.