மாலை போதும், கோபால் நாயக்கரின் போரைப் படியுங்கள்

கொய்யாச் சந்தைக்குப் பேர்போன ஆயக்குடி, ஒரு காலத்தில் திண்டுக்கல் சீமைப் பாளையங்களில் ஒன்று. அங்கிருந்து ஒட்டன்சத்திரம் பக்கம் போனால் விருப்பாட்சி. அந்த ஊர்ப் பாளையக்காரர் கோபால் நாயக்கரை மேடைகள் மாவீரர் என்று கொண்டாடுகின்றன. படைத்தலைவராக அவர் எப்படி என்ற கேள்வி மட்டும் அபூர்வமாகவே எழுகிறது.

1772இல் கணவரையும் சிவகங்கையையும் இழந்த வேலு நாச்சியாருக்கு எட்டு ஆண்டு புகலிடம் தந்த ஊர் அது. 1799 மே மாதம் திப்பு வீழ்ந்தார். அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். இனித் தொல்லை இல்லை என்று கிழக்கிந்தியக் கம்பெனி மூச்சுவிட்ட நேரத்தில்தான், சிவகங்கை மருது சகோதரர்கள், மலபாரின் பழசிராஜா, வடக்கே தூந்தாஜி வாக் எனச் சிதறிக் கிடந்தவர்களை ஓரணியாக்கும் வேலையில் கோபால் நாயக்கர் இறங்கினார்.

களத்தில் பங்காளிப் பகையும் கலந்திருந்தது. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். எட்டையபுரமும் கம்பெனி பக்கமே நின்றது. பக்கத்துப் பாளையத்தையே நம்ப முடியாத காலத்தில் தூந்தாஜி என்ற மைசூர்க் குதிரைப்படைத் தலைவனோடு கைகோத்தது சாதாரணக் காரியமா?

சறுக்கியது கோவையில். 1800 ஜூன் 3, மொஹரம் பத்தாம் நாள், கோட்டையைத் தாக்க நாள் குறித்தார்கள். திருநாள் நெரிசலில் ஆட்கள் ஊருக்குள் நுழைவது எளிது. அதுவரை கணக்கு சரி. ஆனால் சேதி முன்பே கசிந்தது. பிடிபட்டவர்களில் பலர் தூக்குமேடை ஏறினார்கள். ஒரே நாளையும், எங்கோ வடக்கே இருந்த தூந்தாஜியின் துணையையும் நம்பிய திட்டத்துக்கு மாற்றுவழி இல்லை. அது தலைமையின் பிழை, சொல்லக் கூசவேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத்தில் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர், தூந்தாஜியைத் துரத்தும்போது பொதிமாட்டுக்கும் தானியத்துக்கும் முதலில் வழி செய்தார். செப்டம்பர் 10 அன்று கோணகல்லில் தூந்தாஜி கொல்லப்பட்டார். வடக்குக் கதவு மூடியது. அதன்பிறகும் கோபால் நாயக்கர் பணியவில்லை. மறு ஆண்டு பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார்.

புகழைப் போலவே பழியும் உண்மையை மறைக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்தரப்பின் கெட்டிஸ்பர்க் தோல்விக்கு (1863) லாங்ஸ்ட்ரீட் என்ற தளபதியே காரணம் என்று பல பத்தாண்டுகள் பழி சுமத்தினார்கள். பின்னர் ஆய்வாளர்கள் போர்க்களப் பதிவுகளை மீண்டும் படித்து அதில் பெரும்பகுதியைத் துடைத்தார்கள். அங்கே பழி மறைத்ததை இங்கே மாலை மறைக்கிறது.

பேராசிரியர் கே. ராஜய்யன் 1971இலேயே கம்பெனி ஆவணங்களைக் கொண்டு இந்தப் போரை நூலாக எழுதிவிட்டார். நம் பாடநூல்களில் கோபால் நாயக்கர் திரட்டிய திண்டுக்கல் கூட்டணிக்குக் கிடைப்பதோ சில வரிகள். விருப்பாட்சி மணிமண்டபத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் கோவை, சிவகங்கை, கோணகல் மூன்றையும் குறித்த வரைபடம் ஒன்றை விரித்து, 1800 ஜூனில் யார் எங்கே நின்றார்கள் என்று காட்ட வேண்டும்.