முட்டுக்கட்டைக்கு ஒரு கும்பிடு

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் வைகாசி பிரம்மோற்சவம் என்றால் 3-ஆம் நாள் கருட சேவை, 7-ஆம் நாள் தேர். தேரடியில் கூடும் கூட்டம் முழுக்க அண்ணாந்து பெருமாளைப் பார்த்துக் கும்பிடும். தேரைச் செலுத்துகிறவரைப் பார்க்க வேண்டுமானால் கண்ணைக் கீழே இறக்க வேண்டும். சக்கரத்தின் ஓரமாகக் குனிந்து நிற்பார். கையில் ஒரு மரக்கட்டை.

வீட்டையே சுமந்துகொண்டு ஓடும் கேரவன் வண்டிக்குக்கூட ஸ்டீயரிங் உண்டு, முன்சக்கரம் திரும்பும். தேருக்கு அது கிடையாது. அச்சு அசையாமல் அப்படியே இருக்கும். வடம் பிடிப்பவர்களால் இழுக்க முடியுமே தவிர, அத்தனை எடையை நினைத்த பக்கம் திருப்ப முடியாது.

அந்த வேலையைச் செய்வது முட்டுக்கட்டைதான். ஒரு பக்கச் சக்கரத்துக்கு முன்னால் சரிவாகச் செதுக்கிய கட்டையைக் கொடுத்தால், அந்தச் சக்கரம் தயங்கி நிற்கும். மறுபக்கச் சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும். உடனே தேர், கட்டை போட்ட பக்கமாக முகத்தைத் திருப்பும். தேர் இடப்புறம் ஒதுங்கினால் வலது சக்கரத்துக்குக் கட்டை. நிறுத்த வேண்டுமானால் இரண்டு பக்கமும் கட்டை.

96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் கொண்ட திருவாரூர் ஆழித்தேருக்கு, இரும்புச் சக்கரங்களும் திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. வீதி முனையில் கிரீஸ் தடவிய இரும்புத் தகடுகளின் மேல் சக்கரத்தை ஏற்றித் திருப்புகிறார்கள். அத்தனை வசதி வந்த பிறகும் முட்டுக்கட்டைக்கு ஓய்வு இல்லை.

இந்த வேலையில் கணக்கு நொடியில்தான். கட்டையைச் செருகிய கையைச் சக்கரம் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். பின்னால் ஆட்கள் நெருக்கி நின்றால், அவர் விலக இடம் இருக்காது. நிறுத்தச் சொன்ன பிறகும் ஆர்வத்தில் வடத்தை ஓர் இழுப்பு இழுத்தால், ஆபத்து அவருக்குத்தான்.

அதனால் தேர் பார்க்கப் போகிறவர்கள் சக்கரத்தின் அருகே நிற்காதீர்கள். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு கட்டை போடும் இடத்தில் எட்டிப் பார்க்காதீர்கள். வடம் பிடித்தால், குரல் வந்ததும் கையைத் தளர்த்துங்கள்.

நல்ல காரியத்துக்குக் குறுக்கே வருபவரை 'முட்டுக்கட்டை போடுகிறார்' என்று திட்டுகிறோம். தேர் பத்திரமாக நிலைக்கு வந்து சேருவதே அந்தக் கட்டையால்தான். அடுத்த முறை பெருமாளைக் கும்பிட்ட கையோடு, கீழே குனிந்து நிற்பவருக்கும் ஒரு கும்பிடு போடலாம்.