சாகாமலே ஒரு ‘டிமைஸ்’!

1936 டிசம்பர். பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்ட் முடி துறந்தார். அதற்காக நிறைவேறிய சட்டம், அரசுரிமைக்கு ‘டிமைஸ்’ நேர்ந்ததாகச் சொன்னது. ஆனால், எட்வர்ட் காலமானது 1972-ல்தான்! உயிரோடு இருந்தவருக்கு எப்படி டிமைஸ்?

அந்தச் சொல்லுக்கு முதலில் மரணம் என்ற பொருளே கிடையாது. பழைய பிரெஞ்சிலிருந்து வந்த அதன் வேர், ‘விட்டுவிடுதல்’. ஆங்கிலச் சட்டத்தில் உயில் அல்லது குத்தகை மூலம் சொத்தைக் கைமாற்றுவதை அது குறித்தது. பிறகு, அரசுரிமை கைமாறுவதையும் குறித்தது. பெரும்பாலும் மன்னர் இறந்தால்தானே அது கைமாறும்? அப்படித்தான் மரணம் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. வாடகைப் பத்திரத்தில் ‘டிமைஸ்டு பிரிமைசஸ்’ என்று இருந்தால் பதற வேண்டாம். வாடகைக்கு விட்ட இடம், அவ்வளவுதான்!

வங்கி, இன்ஷூரன்ஸ் படிவங்களில் வரும் ‘டிசீஸ்டு’, லத்தீனில் ‘புறப்பட்டுப் போதல்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. சாவை நேரடியாகச் சொல்லத் தயங்கிய ரோமானியர்களின் இடக்கரடக்கல் அது. எழுதும்போது கவனம் தேவை. ‘டி’க்கு அடுத்து ‘இ, சி’ வர வேண்டும். அங்கே ‘ஐ, எஸ்’ போட்டால், இறந்தவர் ‘நோயுற்றவர்’ ஆகிவிடுவார்.

‘எக்ஸ்பயர்’ என்றால் மூச்சை வெளியே விடுதல். கடைசி மூச்சு என்பதால் மரணத்துக்கும் பொருந்தியது. லீவ் லெட்டரில் ‘பாட்டி எக்ஸ்பயர்டு’ என்று எழுதுவது நம் ஊர் வழக்கம். இலக்கணப் பிழை இல்லை. ஆனால், இன்று மாத்திரை அட்டை, ரீசார்ஜ் எல்லாமே எக்ஸ்பயர் ஆவதால், துக்கம் சொல்ல அது சற்று வறண்ட சொல். ‘பாஸ்டு அவே’ என்பதில் கனிவு இருக்கிறது. ‘டைடு’ என்று எளிமையாக எழுதுவதும் மரியாதைக் குறைவல்ல.

இரங்கல் குறிப்பைச் சொல்லும் ‘ஒபிச்சுவரி’யின் லத்தீன் மூலச்சொல், சூரியனும் விண்மீன்களும் மறைவதையும் குறித்தது. ‘மறைந்தார்’ என்று நாம் சொல்வதில்லையா?

‘இறத்தல்’ என்பதற்கும் பழந்தமிழில் ‘கடந்து போதல்’ என்றே பொருள். அதனால்தான் கடந்துபோன காலம், ‘இறந்தகாலம்’. எந்த மொழிக்காரருக்கும் பிரிவைச் சொல்லும்போது நாக்கு தயங்கத்தான் செய்கிறது. ‘போய்விட்டார்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது.